படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள், உங்களைப் பார்த்துக்கொள்வது எப்படி? படிப்படியாக ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் பக்கவாதமோ மறதிநோயோ புற்றுநோயோ வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு மாதமோ ஆறு வருடமோ ஓடிவிட்டது, இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது, அந்த எரிச்சலை நினைத்து உங்கள் மேலேயே உங்களுக்கு வெறுப்பு வருகிறது. அப்படியென்றால் இது உங்களுக்காகத்தான்.

என் அம்மாவை மூன்றரை வருடம் நான் பார்த்துக்கொண்டேன். அப்புறம் பிசியோதெரபிக்குக் காத்திருந்த பெஞ்சில் பழக்கமானவர்களுக்கும், சொந்தத்தில் சிலருக்கும் இந்தப் படிகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: கடைசிப் படியில் முதலில் காலை வைக்கிறார்கள். "இனிமேல் கோபமே படக் கூடாது, அம்மாகிட்ட அன்பா இருக்கணும்" என்று திங்கட்கிழமை முடிவெடுத்து, புதன்கிழமை கத்திவிட்டு, வியாழக்கிழமை முழுக்கத் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். அன்பு இந்த வரிசையில் கடைசியில்தான் வரும். முதலில் உடம்பு, அதற்கப்புறம் மனதில் இருப்பதற்குப் பெயர், அதற்கப்புறம் உங்களிடம் நீங்கள் கனிவாக இருப்பது. இவ்வளவும் ஆன பிறகே மற்றவர்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் எழுதலாமே என்று தோன்றும். ஆனால் போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்தான் திறக்கும், பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும்.

ஒரு நாளில் பத்து நிமிடம் தேவை. காலையில் வேண்டாம், காலை நேரம் உங்களுடையது கிடையாது. மதியக் கஞ்சி முடிந்து அவர் கண்ணயரும் நேரம் பெரும்பாலான வீடுகளில் ஒத்துவருகிறது.

அடுத்தது, இதைத்தான் எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள்: உங்களுக்கு ஒரு உடல் பரிசோதனை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு. ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் இருந்தால் எதற்கெடுத்தாலும் அசதி, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமே இல்லாத அழுகை எல்லாம் வரும். அதை மனக்கஷ்டம் என்று நினைத்து வருடக்கணக்கில் மூச்சுப் பயிற்சி செய்தாலும் தீராது. என் அம்மாவின் ஃபைல் ஒரு ஜாண் தடிமன் இருந்தது, எனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மூன்றாம் வருடம்தான் பார்த்தேன், ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? படுத்திருப்பவரை அடித்துவிட்டீர்களா, அல்லது அடிக்கக் கை ஓங்கிவிட்டீர்களா? இரண்டில் ஒன்று ஆமாம் என்றாலும் 2-ஆம் படிக்குப் போக வேண்டாம், இன்றைக்கே 10-ஆம் படிக்குப் போங்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. நீங்கள் தனியாகச் சுமக்க முடிகிற எடையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

2. முதல் வாரம் தூக்கம் மட்டும்

முதல் வாரம் தியானம், நோட்டு எதுவும் வேண்டாம். தொடர்ச்சியாக 5 மணி நேரத் தூக்கம், வாரத்தில் எத்தனை இரவு முடியுமோ அத்தனை இரவு.

ஏன் தொடர்ச்சியாக என்று சொல்கிறேன் என்றால், படுக்கைப் புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிடச் சொல்லியிருப்பார்கள். அதை ஒருவரே செய்தால் மொத்தம் 7 மணி நேரம் படுத்திருந்தாலும் ஆழ்ந்த தூக்கம் என்பதே இருக்காது. தூக்கமில்லாதவரிடம் போய் "உன்னிடம் நீ அன்பாக இரு" என்றால் அந்த வார்த்தையே எரிச்சலைக் கிளப்பும். எனக்குக் கிளப்பியது.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் பொதுவாக நடக்கும் தவறு, "ஒரு தடவை நீ எழுந்திரு, அடுத்த தடவை நான் எழுந்திரிக்கிறேன்" என்று பிரிப்பது. பார்க்க நியாயமாக இருக்கும், கடைசியில் இரண்டு பேர் தூக்கமும் கெடும். இரவை நடுவில் வெட்டுங்கள். இரவு 9-லிருந்து 2 வரை ஒருவர் பொறுப்பு, 2-லிருந்து காலை 7 வரை மற்றவர். உங்கள் நேரம் இல்லாதபோது வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். பக்கத்திலேயே படுத்தால் இருமல் சத்தத்துக்கெல்லாம் விழிப்பு வரும்.

தனியாகப் பார்த்துக்கொள்பவர் என்றால், வாரத்தில் ஒரே ஒரு இரவுக்காவது ஆள் தேடுவது உங்கள் முதல் வேலை. எப்படிக் கேட்பது என்று 9-இல் சொல்கிறேன். காற்றுப் படுக்கை போட்டால் இரவில் புரட்டும் இடைவெளியைக் கூட்டலாமா என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். காற்றுப் படுக்கை வந்துவிட்டதே என்று நீங்களாகப் புரட்டுவதை நிறுத்திவிடாதீர்கள், புண் வந்தால் அப்புறம் இரண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது.

இன்னொன்று, அவர் மதியம் தூங்கும்போது துணி துவைக்கப் போகாதீர்கள். துணி நாளைக்கும் இருக்கும்.

3. மூச்சு, 3 நிமிடம்

இரண்டாம் வாரம் இதைத் தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படும்படி வையுங்கள். 4 எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுங்கள், 6 எண்ணும் வரை வெளியே விடுங்கள். ஒரு கை நெஞ்சின் மேல் இருக்கட்டும். 3 நிமிடம் போதும்.

வெளிவிடும் மூச்சு நீளமாகும்போது இதயத் துடிப்பு மெதுவாகிறது. உடம்பு "ஆபத்து" என்ற நிலையிலிருந்து இறங்கிவருகிறது. நாள் முழுக்க அடுத்து என்ன ஆகுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும் உடம்புக்கு, இப்போது ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. நெஞ்சில் கை எதற்கு என்று கேட்பார்கள். நாள் முழுக்க நீங்கள்தான் இன்னொருவரைத் தொட்டுத் தூக்குகிறீர்கள், உங்களை யாரும் ஆதரவாகத் தொடுவதில்லை. வெதுவெதுப்பான ஒரு கை நெஞ்சில் இருப்பது, அது உங்கள் கையாகவே இருந்தாலும், உடம்புக்குப் புரிகிறது.

தவறுகள்: மூச்சை அடக்கிப்பிடிப்பது, வயிறு முட்ட இழுப்பது. தலை சுற்றும். சாதாரண அளவு மூச்சே போதும், நீளம்தான் முக்கியம். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வரும், குறிப்பாக ஆக்ஸிஜன் சிலிண்டரோடு யாரையாவது பார்த்துக்கொண்டவர்களுக்கு. அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, சூடான டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சூட்டை மட்டும் கவனித்தால் போதும்.

4. "டென்ஷன்" என்ற மூட்டையை அவிழ்ப்பது

இனி நோட்டு. மூச்சு முடிந்ததும் ஒரே ஒரு வரி: இப்போது எனக்கு என்ன இருக்கிறது?

முதல் நாள் எல்லோரும் "டென்ஷன்" என்று எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் "மனசு சரியில்லை". இரண்டும் மூட்டை மாதிரி, உள்ளே என்ன கட்டியிருக்கிறது என்று தெரியாது. அதை அவிழ்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? சலிப்பு என்றால் அதே வேலை மறுபடி மறுபடி, அதற்கு ஒரு மணி நேரம் வெளியே போய்வர வேண்டும். தவிப்பு என்றால் என்ன ஆகுமோ தெரியவில்லை, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஏதோ உள்ளே நிற்கிறது. மனத்தாங்கல் என்றால் யாரோ ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அங்கே பேச்சு நடக்க வேண்டும். ஏக்கம் என்றால் பழைய அம்மா, நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்த அம்மா வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்த துக்கம் அது, அதற்கு அழ இடம் வேண்டும். ஆற்றாமை வேறு, ஆத்திரம் வேறு.

என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, மாமியாரைப் பார்த்துக்கொண்டவர், இரண்டு வாரம் தினமும் "கோபம்" என்றே எழுதிவந்தார். பதினைந்தாம் நாள் "கோபம் இல்லை, பயம். இவங்களுக்கு அப்புறம் எனக்கு இப்படி ஆனா யார் பார்ப்பாங்கன்னு பயம்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக்காட்டும்போதே அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

இங்கே வரும் தவறு, காரணத்தை எழுதத் தொடங்குவது. "அண்ணி அப்படிச் சொன்னாங்க, அதுக்கு முன்னாடி பொங்கலுக்கு இப்படிச் சொன்னாங்க" என்று போனால் வழக்கு எழுதுவதாகிவிடும், எழுதி முடிக்கும்போது இன்னும் கொதிக்கும். என்ன இருக்கிறது, உடம்பில் எங்கே இருக்கிறது, அவ்வளவே. "எரிச்சல். தொண்டையில்." போதும்.

5. உங்களிடம் நீங்கள் பேசும் குரல்

மூன்று வாரம் கழித்தே இங்கே வாருங்கள். இதுதான் கஷ்டமான படி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு தவறு நடக்கும்போது உள்ளே ஒரு குரல் பேசுமே, அதைக் கவனியுங்கள். மாத்திரை ஒரு வேளை விட்டுப்போனது. உள்ளே என்ன ஓடுகிறது? "உனக்கு ஒரு வேலை ஒழுங்காத் தெரியுதா?" அதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதுங்கள். இப்போது, உங்கள் தங்கையோ நெருங்கிய தோழியோ இதே தவறைச் செய்துவிட்டு அழுதுகொண்டே உங்களுக்குப் போன் செய்தால் என்ன சொல்வீர்கள்? "சரி விடு, நீ என்ன மிஷினா? டாக்டருக்குப் போன் போட்டு அடுத்த வேளை என்ன பண்றதுன்னு கேட்டுக்கலாம்." அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு வரியையும் சேர்த்துப் படியுங்கள். தோழிக்குச் சொன்ன பதிலில் தவறு மறைக்கப்படவில்லை, அடுத்து செய்ய வேண்டியதும் அதிலேயே இருக்கிறது. திட்டும் குரலில் அடுத்த வேலை என்ன என்பதே கிடையாது. தனக்குக் கனிவு காட்டினால் பொறுப்பு போய்விடும், தனக்குத் தானே செல்லம் கொடுத்துக்கொள்வதாகிவிடும் என்று பயப்படுபவர்கள் இந்த இரண்டு வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

அப்புறம் சொற்கள். இந்தத் துறையில் அதிகம் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், தன்னிடம் காட்டும் கனிவில் மூன்று பகுதி இருப்பதாகச் சொல்கிறார்: நடப்பதை மிகைப்படுத்தாமல் மறைக்காமல் உணர்வது, இது எனக்கு மட்டும் நடப்பதல்ல என்று அறிவது, தன்னிடம் இதமாக நடந்துகொள்வது. என் வீட்டுப் பேச்சில் அது இப்படி ஆனது:

"இப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கு. இந்த ராத்திரியில எத்தனையோ வீட்டுல எத்தனையோ பேர் இப்படித்தான் முழிச்சிக்கிட்டு இருப்பாங்க. நான் கொஞ்சம் நல்லா இருக்கணும்."

இதைக் கையை நெஞ்சில் வைத்து மூன்று தடவை சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்வது நல்லது. உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள், மேடைத் தமிழில் சொன்னால் உள்ளே இறங்காது. சின்ன வயதில் உங்களை யாராவது "கண்ணு", "ராசாத்தி", "தங்கம்" என்று கூப்பிட்டிருந்தால் அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது ஆள் ஒருவர் தன்னை "ராசா" என்று கூப்பிடக் கூச்சப்பட்டார், அவருடைய ஆத்தா கூப்பிட்ட பெயர் அது. ஒரு வாரம் கழித்து, அதைச் சொன்னால்தான் மூச்சே இறங்குகிறது என்றார்.

கடைசி வாக்கியம் ஏன் "நல்லா இருக்கணும்" என்று முடிகிறது என்பதைக் கவனியுங்கள். "நான் நல்லா இருக்கேன், நான் தைரியசாலி" என்று சொன்னால் மனம் உடனே "பொய்" என்று திருப்பிச் சொல்லும். வேண்டுதலாகச் சொன்னால் மறுத்துப்பேச அதற்கு ஒன்றுமில்லை. பெரியவர்கள் காலில் விழும்போது "நல்லா இருப்பா" என்று சொல்வது நாம் நல்லா இருக்கிறோமா என்று பார்த்துவிட்டா? அதே வாழ்த்தை உங்கள் பக்கம் திருப்புகிறீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சொல்லத் தொடங்கிய முதல் சில நாளில் அழுகை பீறிட்டு வரலாம். ரொம்ப நாள் பூட்டிவைத்த அறையைத் திறந்தால் முதலில் வெளியே வருவது உள்ளே அடைந்திருந்த காற்றுதான். மோசமாகிறது என்று பயந்து நிறுத்தாதீர்கள், பாதத்தைத் தரையில் அழுத்தி மூச்சுக்குத் திரும்புங்கள், அடங்கும். அடங்காமல் மணிக்கணக்கில் போனால் இந்தப் படியை நிறுத்திவிட்டு 10-ஐப் பாருங்கள். இரண்டு, ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம், கட்டை மாதிரி. அதுவும் சரி. உணர்ச்சி வரவேண்டும் என்பது இங்கே விதி இல்லை, சொல்வதுதான் வேலை.

6. வாய்விட்டுச் சொல்ல முடியாத எண்ணம்

"இவங்க சீக்கிரம் போய்ச் சேர்ந்தாத் தேவலை."

இந்த எண்ணம் எனக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன், அந்த ஒரு வருடம் அம்மாவின் முகத்தைப் பார்த்து நேராகப் பேச முடியவில்லை. பிறகு கேட்டுப்பார்த்தால், நீண்ட நாள் பார்த்துக்கொண்டவர்களில் இதை நினைக்காதவரை நான் சந்திக்கவே இல்லை.

செய்ய வேண்டியது: அந்த எண்ணத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் "ஏன்னா" என்று போட்டு வாக்கியத்தை முடியுங்கள். "ஏன்னா அவங்க வலியில துடிக்கறதப் பார்க்க முடியல." "ஏன்னா எனக்கு முதுகு போச்சு." "ஏன்னா பையனோட ஸ்கூல் ஃபங்ஷன் ஒண்ணுக்குக்கூடப் போகல." சாவைக் கேட்கவில்லை, வலியும் வேலையும் ஓயவேண்டும் என்றுதான் கேட்கிறீர்கள் என்பது எழுதும்போதே தெரிந்துவிடும். வலி என்றால் வலி மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். முதுகு என்றால் இரண்டு பேராகத் தூக்கலாம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் தப்பில்லை.

எண்ணம் வருவதும் அதைச் செய்யத் திட்டம் போடுவதும் வேறு வேறு. எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

7. கை கடுமையாகும் நிமிடம்

கோபம் முதலில் கையில் தெரியும். துணியை மாற்றும் வேகம், ஸ்பூனை வாயில் வைக்கும் அழுத்தம். உங்களுக்கு அது எந்த நேரத்தில் வருகிறது என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு இடம்தான்: சாப்பாட்டைத் துப்பும்போது, விரிப்பை இப்போதுதான் மாற்றியிருக்க மறுபடி நனையும்போது.

அந்த நிமிடம் இப்படி: கையை எடுங்கள். ஊட்டிக்கொண்டிருந்தால் வாயில் சோறு மீதி இல்லாமல் பார்த்து, தலைப்பக்கம் உயர்த்தியபடியே விடுங்கள், படுக்கவைத்துவிட்டுப் போகாதீர்கள், புரை ஏறிவிடும். கட்டில் தடுப்பை ஏற்றுங்கள், தடுப்பு இல்லையென்றால் சுவர்ப்பக்கம் நகர்த்தித் தலையணை வையுங்கள். "ரெண்டு நிமிஷத்துல வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள். ஆறேழு மூச்சு. திரும்பிப் போங்கள்.

இதை அமைதியான ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்துவைக்க வேண்டும். கோபம் வந்த பிறகு யோசித்துச் செய்ய வராது, கை தானாகப் போக வேண்டும்.

கத்திவிட்டீர்கள் என்றால் மன்னிப்புக் கேளுங்கள். "மன்னிச்சிரும்மா, களைப்புல கத்திட்டேன்." அவருக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். பேச்சு போனவர்களுக்கும் குரலின் தொனி எட்டுகிறது. கேட்டுவிட்டால் உங்களுக்கும் அது அன்றைக்கே முடிந்துவிடும், ராத்திரி தூக்கத்துக்கு வராது.

8. இப்போது மற்றவர்கள்

மைத்திரி தியானம் என்று பௌத்தத்தில் ஒரு பழைய பயிற்சி உண்டு. முதலில் தனக்கு, பிறகு மதிப்புக்குரிய ஒருவருக்கு, பிறகு பிரியமானவருக்கு, பிறகு வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்ற ஒருவருக்கு, கடைசியாகவே மனக்கசப்பு உள்ளவருக்கு என்று நல்லெண்ணத்தை விரித்துக்கொண்டே போவார்கள். நம் நிலைமைக்கு நான் ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: உங்களுக்குப் பிறகு உடனே நோயாளியை வைக்காதீர்கள். அவர்மேல் உங்களுக்குப் பாசமும் இருக்கிறது, களைப்பும் இருக்கிறது, அந்தச் சிக்கலில் பழக முடியாது.

சிக்கலில்லாத ஆளோடு தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை, வாசலில் வந்து நிற்கும் நாய், யாராயிருந்தாலும் நினைத்தால் முகம் இளகுகிறதா என்பதே தேர்வு. "நீ நல்லா இருக்கணும்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மருந்துக்கடையில் தினம் பார்க்கும் பையன். பிறகே நோயாளி. சென்னையிலிருந்து வாரம் ஒரு போன் மட்டும் போட்டு "சாப்பிட்டாங்களா?" என்று கேட்கும் அண்ணனை இப்போது தொடவேண்டாம். சில மாதம் போகட்டும். தொடவே முடியாவிட்டாலும் பரவாயில்லை, மன்னிப்பை வலிந்து வரவழைத்தால் அது அடியில் புளித்துக்கொண்டே இருக்கும்.

நோயாளியோடு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஒரு நாளில் 10 நிமிடம், வேலை எதுவும் இல்லாத 10 நிமிடம். மருந்து, துடைப்பது, ஊட்டுவது எதுவும் கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிடலாம், ரேடியோவில் பழைய பாட்டுப் போடலாம், சும்மாவும் இருக்கலாம். உடம்பைப் பராமரிக்கும் ஆளாகவே நாள் முழுக்க இருந்தால் மகள் என்ற உறவு தேய்ந்துபோகிறது, அவருக்கும் நீங்கள் நர்ஸ் ஆகிவிடுகிறீர்கள். அம்மாவுக்கு நான் பூக்கட்டிக் காட்டுவேன். ஒரு கை வராது, ஆனால் நான் முடிச்சை நெருக்கமாகப் போடாவிட்டால் கண்ணாலேயே குறை சொல்வார். அந்தக் கண்ணுக்காகவே வேண்டுமென்று தளர்த்திக் கட்டுவேன்.

9. வீட்டாரிடம் கேட்பது

"யாராவது கொஞ்சம் ஹெல்ப் பண்ணக் கூடாதா" என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் "யாராவது" என்பவர் எந்த வீட்டிலும் இல்லை. ஜாடையாகச் சொன்னாலும் போய்ச் சேராது. ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு நாள், ஒரு நேரம் என்று கேளுங்கள்.

"அண்ணே, வர்ற சனிக்கிழமை ராத்திரி நீங்க வந்து அம்மாகூடப் படுத்துக்கணும். ஒன்பது மணிக்கு வந்தா காலையில ஏழு மணிக்குப் போயிரலாம். என்ன செய்யணும்னு எழுதி வச்சிருப்பேன்." அவ்வளவுதான். முன்னால் நான்கு வருடக் குறையைப் போடாதீர்கள். போட்டால் அவர் குறைக்குப் பதில் சொல்வார், சனிக்கிழமை காணாமல் போய்விடும்.

வர முடியாத தூரத்தில் இருப்பவரிடம் வேலைக்குப் பதில் வேறு பொறுப்பைக் கொடுங்கள்: மாதா மாதம் டயப்பரும் மருந்தும் ஆர்டர் போடுவது, வாரத்தில் இரண்டு நாள் ஆள் வைக்கும் சம்பளம், தினமும் அரை மணி நேரம் வீடியோ காலில் அம்மாவோடு பேசுவது. அந்த அரை மணி நேரமும் உங்களுக்கு ஓய்வுதான்.

கேட்பவர்களே செய்யும் இரண்டு தவறு உண்டு. பக்கத்து வீட்டு அத்தை "ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்கும்போது வாய் தானாக "பரவாயில்லத்தை" என்று சொல்லிவிடும். அதற்குப் பதிலாக ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ஒரு மணி நேரம் இருக்கீங்களாத்தை, நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன்." இரண்டாவது, ஒப்படைத்த பிறகு பின்னாலேயே நின்று "அப்படி இல்ல, இப்படிப் பிடிங்க" என்று திருத்துவது. அண்ணன் கஞ்சியைச் சிந்துவார், சிந்தட்டும். புரை ஏறாமல் ஊட்டுவதையும் புரட்டுவதையும் முதல் தடவை கூட நின்று காட்டுங்கள், மீதியை விட்டுவிட்டு வாசலைத் தாண்டுங்கள்.

10. வீட்டுக்கு வெளியே

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனம் இருண்டே கிடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, படுத்தாலும் தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை என்றால் அது இந்தப் படிகளால் மட்டும் தீரும் விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போக முடியாவிட்டால் 14416, இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். மூத்த குடிமக்கள் தொடர்பான உதவிக்கு 14567. இலங்கையில் இருப்பவர்களுக்கு மனநல உதவி எண் 1926.

போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுகிறார்கள். முதல் வாக்கியத்தை எழுதிவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்: "எங்க அம்மா மூணு வருஷமாப் படுக்கையில இருக்காங்க, நான்தான் பார்த்துக்கறேன், என்னால இப்ப முடியல." அதற்குப் பிறகு அவர்களே கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள். இது நோயாளிக்கான உதவி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். புண்ணுக்குக் கட்டுப்போடத் தெரிந்த ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது உங்கள் நெஞ்சில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது வந்த பிறகே தெரியும்.

11. விட்டுப்போன நாட்களும், எல்லாம் முடிந்த பிறகும்

காய்ச்சல், ஆஸ்பத்திரி, விருந்தாளி என்று பத்து நாள் எல்லாம் விட்டுப்போகும். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், 2-ஆம் படியான தூக்கத்துக்குத் திரும்புங்கள். இரண்டு நல்ல இரவு, ஒரு நாள் மூச்சு, அப்புறம் நோட்டு. இரண்டாம் தடவை எல்லாம் வேகமாக வரும், மூன்று வாரம் ஆகாது.

பார்த்துக்கொண்டவர் போன பிறகும் உடம்பு கொஞ்ச காலம் அதே வேலையில் இருக்கும். காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு, எனக்குத் தினமும் இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தது, புரட்டிவிடும் நேரம். எழுந்து கட்டில் இருந்த இடம் வரைக்கும் போய் நிற்பேன். சில மாதம் அப்படி இருந்தது. அந்த நேரத்தில் மனதோடு எந்தப் பேச்சும் வேண்டாம், போனையும் எடுக்காதீர்கள், விளக்கும் வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் வைத்து, நெஞ்சில் கையை வைத்து, 3-ஆம் படியை மட்டும் செய்யுங்கள். தூக்கம் வந்தால் படுங்கள். வராவிட்டால் அவரோடு இருந்த அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்தீர்களோ அதைச் செய்யுங்கள். நான் பூக்கட்டினேன்.